தலைகீழ்க் கண்ணாடி மாப்பிள்ளை

இன்ஸ்புருக்,
மார்ச் 1947

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் பூர்கல் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஆமாம், இருவரும்தான்! உங்கள் இடுப்பு வலி தேவலையா?

சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போகப்போவதாக எழுதியிருந்தீர்கள். "இந்தப் பைத்தியத்தோட எம்பொண்ணு இனி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது" என்று நீங்கள் படியிறங்கிக்கொண்டே கத்தியதைத் தெருவே கேட்டது. உங்கள் கோபம் நியாயந்தான். போனமுறை வந்தபோது, வீட்டில் காய்ச்சிய பிளம் பழச் சாராயத்தை ஆசையாக ஊற்றினீர்கள். உங்கள் மாப்பிள்ளை கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தார். அத்தனையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில்!

வின்சென்ஸ் மாட்டியிருந்தது பல்கலைக்கழக உளவியல் கூடத்துக் கண்ணாடி. அதில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். நிமிர்ந்த கோப்பை கவிழ்ந்ததாகத் தெரிய, அவர் அதைத் திருப்பிவிட்டார். அந்தக் கண்ணாடியை விடாமல் போட்டிருந்தால் மனசு உலகத்தை நிமிர்த்திக்கொள்ளுமா என்பதுதான் சோதனை. தூங்கும்போது நான் கண்ணைக் கட்டிவிடுவேன். நடுவில் ஒரு முறை நேராகப் பார்த்துவிட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண். அந்தக் கூடத்தில் கிடைக்கவிருந்த உதவியாளர் வேலையும் போய்விடும்.

நீங்கள் போன மறுநாள் மாடிப்படியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்தச் சனியனைப் பிடுங்கி எறியப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூர்கல், நீ அப்பா வீட்டுக்குப் போறதுன்னா போ. இதை மட்டும் கழட்டாத" என்று அழுதார். நானும் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினேன். பொய் சொல்வானேன், வந்துவிடத்தான் இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் பனி கொட்டியது. அதுவரை பனி மேலே பறக்கிறதென்று உளறிக்கொண்டிருந்த மனுஷன் ஜன்னலில் நின்று, "அடியே, ஓடி வா! பனி கீழ விழுது! கீழதான் விழுது!" என்று கூவினார். பனி கீழே விழுவதற்கு எந்த ஊரிலாவது புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப்பிடித்துக் குதிப்பார்களா? நாங்கள் குதித்தோம் அப்பா!

நேற்று அதே கண்ணாடியோடு, என்னைப் பின்னால் உட்காரவைத்து, சைக்கிளில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டினார். நான் எல்லாப் புனிதர்களையும் துணைக்குக் கூப்பிட்டேன். கீழ்வீட்டு கிரெசென்ஸ் அக்கா, "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, நேரா ஓட்டத்தான் தெரியல. அவருக்கும் அதுல ஒண்ணு வாங்கிக் குடேன்டி!" என்றாள்.

இன்று கூடத்தில் கழற்றினார்கள். சற்று நேரம் நான் தலைகீழாகத் தெரிந்தேனாம். "அப்பவும் அழகாத்தான் இருந்த" என்கிறார், வாயைப் பாருங்கள். வேலை உறுதியாகிவிட்டது. ஜெயித்துவிட்டோம்!

சனிக்கிழமை அவசியம் வாருங்கள். இங்கே கடையில் உருளைக்கிழங்கு கண்ணில் படுவதில்லை, மூட்டைகளை ஏற்றி வாருங்கள். அந்தச் சாராயமும் ஒரு புட்டி. உங்கள் கையாலேயே அவருக்கு ஊற்றி எங்களை வாழ்த்துங்கள். இந்தமுறை ஒரு சொட்டுச் சிந்தாது. என் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். வண்டியை நிறைத்துக்கொண்டு வாருங்கள் அப்பா. திரும்பும்போது அது காலியாகத்தான் போகும்.

உங்கள் பிரியமுள்ள,
பூர்கல்