மாரிராஜ் கொண்டுவந்த மாலை

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அபிஷேக்குக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நலமாகவும் உயிரோடும் இருக்கிறேன். உயிரோடு என்று எழுதக் காரணம் இருக்கிறது, போனில் ஆரம்பித்தால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம். அங்கே கென்யாவில் உன் உடம்பும், உங்கள் தொண்டு நிறுவனம் வெட்டுகிற கிணறும் நன்றாக இருக்க வேண்டும் என்று கோமதி அம்மனைக் கும்பிடுகிறேன்.

வியாழக்கிழமை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தாய். தலையும் மீசையும் மழித்து, கண் வீங்கி நிற்கிறாய், கீழே ஒரு கும்பிடு, வேறு ஒரு வார்த்தை இல்லை. அன்று பார்த்து எனக்குக் காய்ச்சல். ஆடித்தபசுத் திருவிழா நெருங்குகிற வாரத்தில் நம் பூக்கடை பூட்டிக் கிடக்கிறது, மகன் மொட்டையோடு நிற்கிறான், மார்க்கெட்டுக்கு வேறென்ன வேண்டும்? எதிர்க்கடை மாரிராஜ் தன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆளுயர ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்ததே நான்தான். மனுஷன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அது எங்கே மறையும். அம்மா போயி எட்டு மாசமாச்சு, இனி தம்பி யாருக்கு மொட்ட போடுவாரு, நீங்கதான்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி என்று அழுதேவிட்டார். அவரோடு வந்த பூக்கட்டும் இசக்கித்தாய் எதையும் மறைக்கவில்லை. பெத்தவளுக்கே வராத பிள்ள அப்பனுக்கு மட்டும் வந்திரவா போறான், அங்கனயே மொட்டயப் போட்டுட்டான்னுல்லா பேசிக்கிட்டு வாரோம் என்றாள்.

சாயங்காலம் போனில் உன்னைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே உன்னை வீட்டில் வைத்துச் சோறு போட்ட அம்மாள் இறந்துவிட்டாள், அவர்கள் வழக்கப்படி அந்த வீட்டாரோடு நீயும் மழித்துக்கொண்டாய், எனக்கும் அவங்க அம்மாதானப்பா என்கிறாய். இருக்கட்டும். அந்த அம்மாள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, புண்ணியவதி. ஆனால் உன்னைப் பெற்றவள் போனபோது கிணறு பாதியில் நிற்கிறது, விட்டால் மண் சரிந்துவிடும், வர முடியாது என்றாய். உன் பெரியப்பா மகன் வேல்ராஜ்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய், முடி நெற்றிவரை விழுந்துகிடந்தது. அந்த ஊரில் அன்றைக்கும் சவரக்கத்தி இருந்திருக்கும். உனக்குத் தோன்றவில்லை. இதை என்னால் தாங்க முடியவில்லை அபிஷேக்.

மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மாரிராஜுக்கு மனமில்லை. நானே வாங்கி அம்மா படத்துக்குப் போட்டேன். படம் சின்னது, மாலை தரைவரை கிடக்கிறது.

கார்த்திகையில் அவளுக்குத் தலைத்திவசம், நாள் குறித்து வேல்ராஜ் உனக்குச் சொல்வான். மலேரியா மாத்திரையை நிறுத்தாதே. புது மொட்டை வெயிலில் சுடும், துண்டு கட்டாமல் வெளியே போகாதே. இன்னொன்று, நாளைக்கு நான் நிஜமாகவே போய்ச் சேர்ந்து, நீ அங்கிருந்து மொட்டைத் தலையைக் காட்டினாலும் மாரிராஜ் இனி அதை நம்பி ஷட்டரை இறக்க மாட்டார். அதனால் படம் அனுப்பாதே. நேரில் வா. அம்மன் உனக்குத் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அப்பா,
கோமதிநாயகம்