இலங்கைக்குப் போன கல்படி

லண்டன்

அன்புள்ள புஷ்பலீலாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். முட்டுவலியை நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினாயா? ஆவணக்காப்பகத்தில் போனையும் பேனாவையும் வாங்கி வைத்துவிட்டார்கள்; பென்சிலில் எழுதுகிறேன்.

நேற்று இங்குள்ள பழைய மிஷன் ஆவணப் பெட்டியில் பழைய வேதக்கோயில் படமொன்று கிடைத்தது. பின்னால் ‘இலங்கை’ என்று எழுதியிருந்தது. வாசலில் மூளியான கல்படியைக் கண்டதும் என் பெருவிரல் வலித்தது. நம் கல்யாணத்தன்று நான் தடுக்கி விழ, உன் தம்பி எட்சன், “ஏலே, மாப்பிள இப்பமே அக்கா கால்ல விழுந்தாச்சு!” என்று ஊரைக் கூட்டினானே, அதே படி!

“இது இலங்கை இல்லை, என் மாமியார் ஊர்” என்றேன். காப்பாளரம்மா ஆதாரம் கேட்கிறார். இல்லாவிட்டால் உங்கள் ஊர் பட்டியலில் இலங்கையாகவே கிடக்கும்.

அந்தப் படியைப் படமெடுத்து அனுப்பு. நீயும் அதில் நில். அளவு தெரிய ஆள் வேண்டும். சிரித்தாலும் அளவு மாறாது.

அடுத்த பெட்டி வந்துவிட்டது.

உன்,
செல்வசிங்