வெட்டச் சொன்ன மாமா

மே 28, புதன்

டாக்டர் அதெமார் பெரிய மனிதர். என் அக்கா மகள் ஜுசிலேனியின் குழந்தை எப்போது பிறக்கும் என்று குழந்தையிடம் கேட்கவில்லை, ஜுசியிடமும் கேட்கவில்லை. நாட்காட்டியிடம் கேட்டார். ஜூன் 20, காலை பத்து மணி, அறுவை சிகிச்சை. 21 முதல் யோவான் திருநாள் விடுமுறை, டாக்டர் கடற்கரை வீட்டுக்குப் போகிறார். நல்ல குடும்பத்துக் குழந்தை, புரிந்துகொள்ளும்.

திருநாள் நெருங்குவதால் எங்கள் ஊர் கருவாரு முழுக்கச் சோளம் வேகும் வாசனை. இன்று என் வேனில் பதினெட்டுப் பேர். இருக்கை பன்னிரண்டு. மீதி ஆறு என் திறமை.

மே 30

நான் சும்மா இருப்பவனா? பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க அறுபது இனிப்புப் பெட்டி சொல்லிவிட்டேன். அது இல்லாவிட்டால் இந்த ஊரில் பிள்ளை பிறந்ததையே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் தங்க எழுத்து: "நான் வந்துட்டேன்! ஜூன் 20." கடைக்காரனே என் முன்யோசனையைப் பார்த்து எழுந்து நின்றான். (ஏணியை எடுக்கத்தான் எழுந்தான். ஆனாலும் நின்றான்.)

ஜூன் 1, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் வழக்கம்போல ஜுசியின் முதல் பிரசவக் கதையைச் சொன்னேன். நாலு வருடத்துக்கு முன்பு. அவள் புருஷன் ஜெனிவால் சாவோ பாலோவில் கட்டட வேலையில் இருந்தான். பதினேழு மணி நேரம் வலி. டாக்டர் வெளியே வந்து "வீட்டு ஆம்பள யாரு?" என்றார். எழுந்தேன். "வெட்டுங்க டாக்டர்." இரண்டே வார்த்தை, இரண்டு உயிர். ஐந்தாவது வரை படித்தவன் செய்த வேலை அது.

ஜுசி கரண்டியை வைத்தாள்.

"மாமா, இந்தத் தடவ நான் வெட்டிக்கப் போறதில்ல. பெத்துப் பாக்கப் போறேன்."

என் மனைவி நெய்டி நெஞ்சில் சிலுவை போட்டாள். "ஏன்டி, வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கு! தையல் பிரிஞ்சா என்னடி பண்ணுவ?"

"பிரியலாம் அத்தை. நூத்துல ஒருத்திக்குக்கூட ஆகறதில்லையாம். ஆனா ஆகலாம். அதத் தெரிஞ்சுக்கிட்டுதான் சொல்றேன்."

எல்லாம் அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் மர்லுசி கொடுத்த தைரியம். நானும் முன்னூறு ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்தவன். என்னிடம் யாராவது யோசனை கேட்டார்களா?

ஜூன் 3

முன்னூறு இல்லை. ஏழு. அதில் இரண்டு நான் போவதற்குள் குட்டி போட்டுவிட்டன.

ஜூன் 5

ஜுசியை மர்லுசியிடம் கூட்டிப் போனேன். முன் இருக்கையில் உட்கார்ந்தவள், சிக்னலில் நின்றபோது பேசினாள்.

"அன்னைக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியுமா மாமா?"

"தெரியாம என்ன? நான்தானே..."

"நீங்க வராந்தாவுல இருந்தீங்க. நான் இன்னும் ஒரு மணி நேரம் குடுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன். டாக்டர் வெளிய போனாரு, திரும்பி வந்தாரு, 'வீட்டுல சொல்லியாச்சு'ன்னாரு. ரெண்டு கையையும் மேசையில கட்டினாங்க. ஏன்னு யாரும் சொல்லல. என் பொண்ணு லாயிஸ் பொறந்து அழுதப்போ தொடக்கூட முடியல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். அந்த வண்டிக்காரனுக்கு என்ன அவசரமோ!

இதை இவள் நாலு வருடமாக ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு ஞாயிறும் என் கதையைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். எப்போது சொல்லியிருப்பாள்? நான் எங்கே இடம் விட்டேன்?

ஜூன் 11

டாக்டர் அதெமாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அருமையாகப் பேசினார். "தாராளமா முயற்சி பண்ணும்மா. ஆனா என்கிட்ட வேணாம். நான் ஊர்லயே இருக்க மாட்டேனே." இவ்வளவு நேர்மையான மருத்துவக் காரணத்தை நான் கேட்டதில்லை.

ஜூன் 15

பிரசவ அறையில் கூட இருக்க ஒரு ஆள் விடுவார்களாம். சட்டமே இருக்கிறதாம். ஜெனிவால் திருநாளுக்கு பஸ்ஸில் வருகிறான், 23-ஆம் தேதிதான் இறங்குவான். அதற்குள் வலி வந்தால்?

"நீங்க வாங்க மாமா."

"நானா? நெய்டி இருக்காளே!"

"அத்தை உள்ள வந்து செபமாலை உருட்டிக்கிட்டே டாக்டர்கிட்ட வெட்டுங்கன்னு அழும். போன தடவ எனக்காக நீங்கதான் பேசினீங்க. இந்தத் தடவ பேசாம நில்லுங்க."

என்னை! பேசாமல்! பாம்பைக் கட்டிப் பிடிக்கச் சொல்லியிருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன்.

ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 20

அறுபது பெட்டியிலும் குழந்தை பிறந்துவிட்டது. ஜுசி வாசலில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 22

காலை ஆறு மணிக்கு வலி. வேனை எப்படி ஓட்டினேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜூன் 23

நேற்று நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

மர்லுசி அவளை நடக்க வைத்தாள், குந்த வைத்தாள், வெந்நீரில் நிற்க வைத்தாள். அடிக்கடி குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டாள். நான் முதுகைத் தேய்த்தேன். "அங்க இல்ல, கீழ!" "இப்ப தொடாதீங்க!" "எங்க போறீங்க?" என்று ஜுசி ஏவினாள். பன்னிரண்டு மணி வரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம் நின்றுவிட்டது. பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டிய கருப்பை வாய் ஏழோடு இருந்தது, அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு மணியாயிற்று.

ஒரு இளம் டாக்டர் வந்தார். பழைய தழும்பு இருக்கிறது, ரொம்ப நேரம் விட முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். படுத்திருக்கிறவளின் தலைக்கு மேலாக, என்னை.

"என்ன பண்ணலாம் சார்?"

எனக்கு வாய் திறந்துவிட்டது. பயம்தான். தையல், ரத்தம், செத்துப்போன அக்காவின் முகம், எல்லாம் வந்தன. அந்தப் பழைய இரண்டு வார்த்தையும் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லிவிட்டால் என் பயம் தீர்ந்துவிடும்.

"அவகிட்டக் கேளுங்க" என்றேன்.

டாக்டர் குனிந்து அவளிடம் கேட்டார்.

"புள்ள நல்லாருக்கா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றாள் மர்லுசி. "அப்ப ஒரு மணி நேரம்."

கொடுத்தார்கள். துடிப்புக் கருவியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பரிசோதித்தார்கள். அதே ஏழு. ஜுசி டாக்டரைப் பார்த்தாள்.

"போதும். வெட்டுங்க. ஆனா கையக் கட்டாதீங்க."

கட்டவில்லை. பச்சைத் தொப்பி போட்டு அவள் தலைமாட்டில் நின்றேன். பையன், மூன்று கிலோ அறுநூறு. நேராக அவள் மார்பில் வைத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜெனிவால் இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து அழுதான். நான் அழவில்லை என்று எழுதலாம்.

ஜூன் 29, ஞாயிறு

வீடு நிறையச் சனம். பக்கத்து வீட்டு இவனில்டா பையனைப் பார்த்துவிட்டு, "கடைசியில வெட்டத்தானே செஞ்சாங்க? இதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லுங்க வால்டெமிர், உள்ள என்னதான் நடந்துச்சு?"

நாற்காலியை முன்னால் இழுத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஜுசி, நீயே சொல்லும்மா."

சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், நடுவில் ஒரு மின்வெட்டாவது சேர்த்திருப்பேன். ஆனால் கூடவே நின்றும் எனக்குத் தெரியாத ஒன்று அதில் வந்தது. காத்திருந்த அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பயமே இல்லையாம்.