பாலம் தெரியுதா?

சாஷாவின் டாடிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு வர, இரத்மலானையில் உங்கள் சின்ன விமானத்தைக் கிளப்புவதற்கு முன் போனில் என்னிடம்தான் வானிலை கேட்பீர்கள். "றிப்போர்ட் பழசு, உன்ட கண்ணைத்தான் நம்புவன். கல்லடிப் பாலம் தெரியுதா?" நானும் ஜன்னலைத் திறந்து, வாவியைப் பார்த்துவிட்டுச் சொல்வேன். ஆறு வருடத்தில் ஒரு நாளும் நான் சொன்னது பிழைத்ததில்லை.

போன மூன்று வெள்ளியும் பாலம் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே சொன்னேன். மூன்று தடவையும் பின்னேரம் போன் எடுத்து, "வழியில மழை, திரும்பிட்டன்" என்றீர்கள். மூன்று தடவையும் உங்களுக்குப் பக்கத்தில் யாரோ தேநீர்க் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

அதனால் நேற்று, நாலாவது வெள்ளி, நான் பொய் சொன்னேன். "ஒரே பனிமூட்டம், பாலமே தெரியல்ல."

பின்னேரம் நீங்கள் சொன்னது இது: "நீ சொன்னது சரிதான். வாவிக்கு மேல மூண்டு தரம் சுத்தினன். பனியில பாலம் கண்ணிலயே படல்ல."

நேற்று விடிந்ததிலிருந்து இங்கே ஒரு மேகம்கூட இல்லை. நானும் சாஷாவும் அந்தப் பாலத்தில்தான் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வெள்ளி றிப்போர்ட்டையே நம்புங்கள்.

இப்படிக்கு,
பாலம் தெரிகிற வீட்டிலிருந்து
உங்கள் மனைவி