வெட்டாத நொதி

இன்று காலை பக்கத்து வீட்டில் கடல்பாசி காய்ச்சினார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் உன் ஞாபகம். ஆய்வகத்தில் டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துப் பார்க்க நாம் ஜெல் காய்ச்சுவதும் கடல்பாசியிலிருந்து எடுத்த பொடியில்தானே. அது குடுவையில் கொதித்து வரும்போது, "பாலும் சக்கரயும் போட்டா சாப்ட்டுடலாம் போல கீதுடி" என்பாய்.

நான் பொன்னேரியில் ரயில் ஏறுவேன், நீ கவரைப்பேட்டையில். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, இரும்பு ஆலைகளின் புகையைத் தாண்டி நடப்போம். மரபணுச் சோதனைப் பெட்டிகள் செய்யும் சின்ன நிறுவனம் நம்முடையது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டி. ரத்தம் ஊறாமல், வாழ்நாளெல்லாம் பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டே கிடக்க வைக்கும் நோய் அது.

பெட்டியின் உயிர் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸை நறுக்கிப் போட வைத்திருந்ததை மனிதன் எடுத்துக்கொண்டான். உன் அம்மா சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலின்கூட அப்படி வெட்டி ஒட்டிச் செய்ததுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நீ சொல்வாய்: "கத்திரி எத கண்டாலும் வெட்டும். இது அப்டி இல்ல. டி.என்.ஏ.ல தனக்குன்னு உள்ள எழுத்து வரிசைய பாத்தாதான் வெட்டும். ஓரெழுத்து மாறினா தொடாது." நம் பெட்டி அந்தக் குணத்தை நம்பித்தான் இருந்தது. மரபணு சரியாக இருந்தால் நொதி வெட்டும், பிழை இருந்தால் வெட்டாது.

நொதியே செத்துப்போனால்? அப்போதும் வெட்டாது. எந்தக் குழந்தையைச் சோதித்தாலும் நோய் என்றே காட்டும்.

அந்தக் கோடையில் அதுதான் நடந்தது. சனிக்கிழமை போன கரண்ட் ஞாயிறும் வரவில்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. திங்கட்கிழமை நாம் போனபோது, நொதியை உறைகுளிரில் வைத்திருந்த ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட்டு வந்துட்ச்சில்ல? திரும்ப ஐஸாயிடும். லேபிள் ஒட்டினு அனுப்புங்க" என்றார்.

நீ உன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தாய். உனக்கு எந்தப் பிழையும் இல்லை என்று ஏற்கெனவே தெரியும். அந்த நொதியைக் கலந்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாய். வெட்டவே இல்லை. வியாழக்கிழமை காலை ஜெல் படத்தை அவர் மேசையில் வைத்தபோது, அவர் நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இட்லியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "இன்னாமா பேஜாரு பண்ற? ஒரு பார்சல் திங்கக்கெழமையே போயிட்ச்சி. கம்ப்ளெயின்ட்டு வந்தா பாத்துக்கலாம்."

சட்னி ஒட்டிய விரலை அந்தப் படத்திலேயே துடைத்தார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அருவருப்பு வருவது அந்த இடத்தில்தான்.

பார்சல் போன திருவள்ளூர் மருத்துவமனைக்கு நீயே போன் செய்தாய். ஆய்வகத்தில் இருந்தவர், அந்தப் பெட்டியில் ஒருவருக்குப் பார்த்தாகிவிட்டது, ரிப்போர்ட்டும் கொடுத்தாகிவிட்டது, அந்த அம்மா நாளைக் காலை கருவைக் கலைக்க வருகிறாள் என்றார். கூடவே நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாம் இருவரும் அங்கே போய் நின்றோம். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். ஐந்தாம் மாதம். பெஞ்சில் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். நீ அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"உள்ள போவாதம்மா. உனுக்கு பண்ண டெஸ்ட்டு செல்லாது. அந்த மருந்து கெட்டுப்போனது. இன்னொரு வாட்டி பாக்கணும்."

அவள் உன்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் கேட்டாள்: "நைனா, இன்னா சொல்றாங்க இவங்க? ராத்திரியெல்லாம் அழுது இப்பதான் மனச தேத்தினு வந்தேன். மறுபடியும் ஆச காட்றாங்களா?"

"ஆச காட்ட வரலம்மா. புள்ளைக்கு நோய் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். தெரிஞ்சிக்காம கலைக்காதன்னுதான் சொல்றேன்."

அங்கிருந்த டாக்டரம்மா முதலில் எரிந்து விழுந்தார். நீ காட்டிய ஜெல் படத்தில் எண்ணெய்க் கறை. கறைக்குப் பக்கத்தில், நோயில்லாத உன் டி.என்.ஏ.வும் வெட்டப்படாமல் நிற்பதைப் பார்த்ததும் கலைப்பை நிறுத்தினார். மிச்சமிருந்த பனிக்குட நீரிலிருந்து, வேறு இடத்தில் வாங்கிய நொதியைக் கொண்டு மறுபடி பார்த்தார்கள். இம்முறை உன் ரத்தமும் பக்கத்தில் ஓடியது. குழந்தைக்குத் தன் அம்மா அப்பாவைப் போல, மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை; இரண்டிலும் இருந்தால்தான் நோய். நோய் இல்லை. அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நிறுவனம் உன்னை வெளியே அனுப்பியது. கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னாய் என்று காரணம். நானும் அந்த வாரமே நின்றுவிட்டேன். நீ திருவள்ளூரிலேயே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தாய். போன மழையில் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் சாவுக்கு அந்த மேலாளர் வந்தார். உங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டச் சொல்லியிருந்தார். உன் படம், கீழே நிறுவனத்தின் பெயர், 'எங்கள் தரத்தின் தூண்' என்று கொட்டை எழுத்து. மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "நல்ல பொண்ணுமா. நீயாச்சும் திரும்ப வந்துடு, சீனியர் போஸ்ட்டு தரேன்" என்று கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைத் தொடவில்லை. உன் தம்பியிடம் அரிவாள் வாங்கி, ஃப்ளெக்ஸின் கயிற்றை அறுத்துக் கீழே போட்டேன். அது சேற்றில் விழுந்தது. உன் முகம் இருந்த பகுதியை மட்டும் நறுக்கித் துடைத்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். மிச்சத்தை அவர் கார் சக்கரம் ஏறும் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் "பரவால்ல, அனுப்பு" என்று யாராவது சொன்னால், எனக்குக் கோபத்துக்கு முன்னால் அருவருப்பு வருகிறது. அது குறைந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இப்போதைக்கு என் வேண்டுதல்.