எட்டாம் அலைவரிசையின் கடைசி அத்தியாயம்

தி.நகர், சென்னை-17
23.2.1998

மதிப்பிற்குரிய ஜொவிட்டா அவர்களுக்கு,

பதிப்பாளர் கன்னியப்பனின் வணக்கம். இங்கே நானும் கடையும் ஓடிக்கொண்டிருக்கிறோம். எனக்குத்தான் முட்டி கொஞ்சம் தகராறு. நியூஜெர்சியில் பனி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது உங்களுக்கு இருபது வயது இருக்கும். அதனால் 'நீங்கள்' என்று எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் இது வியாபாரக் கடிதம்.

என் ஆபீசில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் ஹம்சா, போன வாரம் பாண்டி பஜாரில் இன்டர்நெட் வைத்திருக்கும் கடைக்கு என்னை அழைத்துப் போனாள். ஒரு மணி நேரத்துக்குச் சினிமா டிக்கெட்டைவிட அதிகம் கேட்கிறார்கள். அங்கே திரையில் உங்கள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் சாரின் விஞ்ஞான நாவல் 'எட்டாம் அலைவரிசை' முழுவதும் ஓடியது. நீங்களும் உங்கள் நண்பர்களும் டைப் அடித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள்.

அதை எடுத்துவிட வேண்டும். 'தயவுசெய்து' என்ற சொல்லை நீங்களே முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னுரையில் என்னை வைக்கோல்போர் நாய் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடமாகப் புத்தகம் அச்சில் இல்லை, பதிப்பாளர் தானும் போடுவதில்லை, பிறரையும் விடுவதில்லை என்று. சரிதான். ஆனால் அது என் வைக்கோல். 1968ல் சார் முழு உரிமையையும் எனக்கு எழுதிக் கொடுத்தார். எழுதியவர் காலமாகி அறுபது வருடம் வரை அது செல்லும் என்று வக்கீல் சொல்கிறார். சார் போனது 79ல். ஆக, 2040 பிறந்தால்தான் அது ஊருக்குப் பொது. கதை நடப்பதும் 2040ல்தான். வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் சட்டத்தை நான் போடவில்லை.

நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. லஸ் முனையில் சாக்கு விரித்து, விற்கக் கூடாது என்று மேலட்டை கிழித்துக் கழித்த வெளிநாட்டுப் புத்தகங்களை விற்றுத்தான் மேலே வந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் உங்கள் அப்பா நேராக அங்கே வருவார். ராக்கெட், செவ்வாய் கிரகம் என்று எது கிடைத்தாலும் நின்றபடியே படிப்பார். வாங்க மாட்டார். "சார், வைங்க, அடுத்தவன் பாக்கட்டும்" என்பேன். "இரு கன்னியப்பா, இன்னும் எட்டுப் பக்கம்தான். கதையை உனக்குத் தமிழ்ல சொல்லிடறேன்" என்பார். சொல்லியும் விடுவார். அந்த இலவசம் எனக்குக் கட்டுப்படியானது. உலகத்துக்கே இலவசம் என்றால் கட்டுப்படியாகாது.

ஒரு மாதத்தில் எடுக்காவிட்டால் நோட்டீஸ் வரும். சாந்தோமில் நீங்கள் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வாசல் வேப்பமரத்தை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ம. கன்னியப்பன்


மயிலாப்பூர், சென்னை-4
15.6.1998

அன்புள்ள ஜொவிட்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கதையை எடுத்துவிட்டீர்கள் என்று ஹம்சா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த இடத்தில் 'உரிமையாளர் அனுமதிக்கவில்லை' என்று ஒரு வரி மட்டும் நிற்கிறதாம். நன்றி. வக்கீல் அலைச்சல் மிச்சம்.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடம் பிடித்து நிற்கிறது. எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டதால் வீட்டில் மாம்பழத்தை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள். வாசனையை எங்கே ஒளிப்பார்களாம்!

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டைப் அடிக்கும்போது கடைசி அத்தியாயம் மட்டும் அப்பாவின் கையாகத் தெரியவில்லை என்கிறீர்கள். முப்பது அத்தியாயம் வரை அமலி விண்கலத்தில் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள். அவளுடைய அப்பா சாந்தோம் ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்து எட்டாம் அலைவரிசையில் அவளோடு பேசுகிறார். பதில் வர முதலில் நிமிடக் கணக்கு, பிறகு மணிக் கணக்கு, பிறகு மாதக் கணக்கு. அப்படிப் போன பெண் திடீரென்று கலத்தைத் திருப்பி, மெரினாவில் இறங்கி, அப்பா காலில் விழுந்து, கலெக்டர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவாளா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். 78ல் நீங்கள் மேல்படிப்புக்குக் கிளம்பியபோது சார் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உங்க கதைல வர்றவ மாதிரி திரும்பி வந்து கழுத்தை நீட்ட மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு சரி. மறு வருடம் அவர் போய்விட்டார். பன்னிரண்டு வயதில் படித்த அந்த அத்தியாயம் அப்பா போட்ட உத்தரவு மாதிரி இன்னும் மனத்தில் கிடக்கிறது என்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த அத்தியாயம் சார் எழுதியதுதான். எந்த எழுத்தாளருக்கும் முடிவு வரும்போது கை களைத்துப்போகும். கல்யாணத்தில் முடிந்தால் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்பது சாருக்கும் தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் அர்த்தம் தேடி மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

பழைய பிரதி இரண்டு என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன், விலை வேண்டாம்.

நலம் விரும்பும்,
ம. கன்னியப்பன்


மயிலாப்பூர், சென்னை-4
3.11.1998

அன்புள்ள ஜொவிட்டா,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். வியாபாரம் முடிந்துவிட்டது. கூட வரும் பழுப்பு உறையை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படி.

ஆகஸ்டில் வந்த உன் கடிதத்தில் இரண்டே வரி. 'அப்படியானால் அப்பா எழுதியதுதான். தெளிவுபடுத்தியதற்கு நன்றி, இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.' நீ சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஐம்பது வருடம் பேரம் பேசியே பிழைத்தவன் நான். நீ நம்பிவிட்டாய். மூன்று மாதமாக அந்த இரண்டு வரியும் என் சட்டைப்பையிலேயே இருக்கின்றன.

அந்த அத்தியாயத்தை எழுதியவன் நான்.

அது எப்படி என்று சொல்கிறேன். கதை 65ல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். 69 மே மாதம் புத்தகமாகப் போட நினைத்தபோது அப்படியொரு பைண்டு புத்தகத்தைத்தான் பழைய பேப்பர் கடையில் எடுத்தேன். பாதி அச்சுக் கோத்த பிறகுதான் கவனித்தேன், முப்பதோடு நிற்கிறது, 'முற்றும்' இல்லை. பைண்டர் நூர் முஹம்மதுவைப் பிடித்துக் கேட்டேன். "கடைசி வாரம் தீபாவளி மலர்ல வந்துச்சு நைனா. மலரு பெர்சு. வெட்டினா எழுத்து பூடும், வெட்டாம வச்சா புக்கு வாயைப் பொளந்துகினு நிக்கும். அதான் எல்லா புக்குலயும் உட்டுட்டேன்" என்றார். மயிலாப்பூர் முழுக்க அந்தக் கதைக்கு முடிவில்லாமல் பைண்டு பண்ணி வைத்திருக்கிறார் மனுஷன்!

மலரைத் தேடினால் கிடைத்திருக்கும். நீங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தீர்கள், திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் லெண்டிங் லைப்ரரிகளுக்கு மே மாதம்தான் அறுவடை, அச்சகத்தில் ஆட்கள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டேன். சார் எத்தனை கதை எனக்குச் சொல்லியிருப்பார், இதுகூடத் தெரியாதா என்று ஒரு திமிர். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஜூன் மாதம் சார் கடைக்கு வந்தார். கையில் என் புத்தகம், இன்னொரு கையில் தீபாவளி மலரிலிருந்து பிரித்த தாள்கள். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். "கல்யாணம் நல்லாத்தான் இருக்கு கன்னியப்பா. ஆனா பொண்ணு என்னுது. நான் கட்டிக் குடுக்கலையே" என்றார். அவ்வளவுதான். வேறு யாரையாவது வைத்துச் சரியாகப் போட்டுக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை, உரிமைதான் என்னிடம் இருந்ததே. உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் தான்தானே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லையாம்; தன்னிடம் இருந்த ஒரே பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்லி.

அடுத்த பதிப்பும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. நான் மாற்றவில்லை. மாட வீதியில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்த கோமளம் மாமி, "முடிவுன்னா இப்படின்னா இருக்கணும்! படிச்சுட்டு நேக்குக் கண்ணுல ஜலமே வந்துடுத்து" என்று என்னிடமே சொன்னாள். என் வாழ்நாளில் நான் எழுதியது அது ஒன்றுதான். அதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

இதோடு போயிருந்தால் வியாபாரத்தில் செய்த தப்பு என்று தள்ளிவிட்டிருப்பேன். தூக்கத்தைக் கெடுத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

78ல் நீ போன பிறகு சார் மறுபடியும் வந்தார். நீ கிளம்பும்போது சொன்னதைச் சொன்னார். அந்தத் தாள்களைக் கொடு, அவளுக்குத் தபாலில் அனுப்பவேண்டும் என்றார். அதற்கென்ன, நீங்களே ஒரு கடிதமாக எழுதிவிடுங்களேன் என்றேன். "எழுதிப் பாத்தேன் கன்னியப்பா. இப்ப எழுதினா சமாதானத்துக்கு எழுதறேன்னு நெனைப்பா. அது அச்சுல வந்தது. தேதி இருக்கு. அவளுக்கு எட்டு வயசா இருக்கும்போதே அப்பன் இப்படித்தான் நெனைச்சான்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

கிடங்கில் எங்கேயோ இருக்கும் சார், தேடிவைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க என்றேன். அடுத்த வாரம் வந்தார். அப்புறம் மழையில் ஒரு நாள் வந்தார். மூன்று தடவையும் அதே பதில். கையை விட்டுப் போனால் வேறு பதிப்பாளர் கையில் சிக்கும், என் குட்டு வெளிப்படும் என்று பயம். தாள்கள் கிடங்கில் இல்லை, ஜொவிட்டா. நான் உட்கார்ந்திருந்த மேஜை டிராயரில் இருந்தன. சார் கையை ஊன்றிக்கொண்டு நின்றாரே, அதே மேஜை.

நான்காவது தடவை அவர் வரவில்லை. சாவுக்குப் போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன். அதன் பிறகு அந்தப் புத்தகத்தை நான் ஏன் அச்சிடவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். போட்டால் கடைசி அத்தியாயத்தை ஏதாவது செய்தாக வேண்டும். போடாமல் பூட்டி வைப்பது சுலபமாக இருந்தது. நீ இலவசமாகப் போட்டதும் வக்கீல், சட்டம் என்று குதித்தேனே, அதுவும் இந்தப் பூட்டைக் காப்பாற்றத்தான்.

நேற்று கல்லறைத் திருநாள். முதல் தடவையாக சார் கல்லறைக்குப் போனேன். வாசலில் பூ விற்கும் முத்தம்மா, "சொந்தமா சார்?" என்று கேட்டாள். இல்லை, அவருடைய பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொடுக்கவேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நல்லாக் கீதே கதை! பூட்டவரு எழுந்து வந்து வாங்கிக்கினு போவாரா? புள்ளைங்க கீதா இல்லியா, அங்க போய்க் குடு சார்" என்று அதட்டி, ஒரு முழம் பூவை இலையில் சுற்றிக் கையில் திணித்தாள். பூவை அங்கே வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து டிராயரைத் திறந்தேன்.

இப்போது உறையைப் பிரி. தாள்கள் பழுத்துப்போயிருக்கின்றன, பார்த்துத் தொடு. ஒரு பக்கத்தின் பின்னால் பட்டாசு விளம்பரம் இருக்கும், மேலே '1965 தீபாவளி' என்று தெளிவாக இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. உன் அப்பா வாயில் ஒரு தடவை என் பேச்சைப் போட்டது போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன், அமலி திரும்பி வரவில்லை. அவளை யாரும் வரச் சொல்லவும் இல்லை. செய்தி சரியான நேரத்தில்தான் கிளம்பியது, வழியில் பிடித்து வைத்தவன் நான்.

கூடவே முத்திரைத்தாள் ஒன்று இருக்கிறது. முழு உரிமையையும் உன் பேருக்குத் திருப்பி எழுதி, சாட்சிக்கு ஹம்சாவும் நூர் முஹம்மதுவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2040 வரை யாரும் காத்திருக்க வேண்டாம். இன்டர்நெட்டில் போடு, இலவசமாகப் போடு, காசில்லாமல் நின்றுகொண்டே படிக்கிறவன் எல்லாரும் படிக்கட்டும். என் அத்தியாயத்தைத் தூக்கிவிடு. யாராவது கேட்டால், அது கன்னியப்பன் என்ற வியாபாரி செய்தது என்று பேர் போட்டே சொல். முதல் தடவையாக என் பேரில் வரட்டும்.

மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் பூவுக்கு அடியில் இருக்கிறார். எனக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடு, 'கிடைத்தது' என்று. தபால்காரர் பதினொன்றரைக்கு வருகிறார். நான் வாசலில்தான் இருப்பேன்.

எவ்வளவு தூரமானாலும், இருக்கிற இடத்திலேயே நன்றாக இரு அம்மா.

கன்னியப்பன்