வார்னிஷ் காயும்வரை

12 ஜூன் 2012, செவ்வாய்

மறுபடியும் கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாக விழுந்திருக்கின்றன. நேற்றுச் சாயங்காலம் வார்னிஷ் அடித்துப் பின்பக்க ஷெட்டில் காயவைத்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல்பலகையில் என் மாமனாரின் வலது கை. அதுவும் சுண்ணாம்போடு. வெற்றிலை மடித்த கையைக் கழுவாமலேயே வைத்திருக்கிறார். சீ.

ஏன் தொட்டீர்கள் என்று கேட்டேன். "பலான்னா பலாதான் மாப்ள" என்று ஆரம்பித்தார். பண்ருட்டி வியாபாரிகள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கேட்டதற்கு ஒருநாளும் பதில் வராது இந்த மனிதரிடமிருந்து.

போன டிசம்பரில் அடித்த தானே புயலில் முத்தாண்டிக்குப்பத்தில் அவர் வீட்டு ஓடு பறந்தது. வாசலில் நின்ற பலாமரமும் விழுந்தது. மரத்தைப் பலகையாக அறுத்து எடுத்துக்கொண்டு, துணிப்பையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். கூரை ஏப்ரலிலேயே சரியாகிவிட்டது. ஆள் கிளம்பவில்லை. எனக்குப் பெட்டி செய்யும் பைத்தியம் உண்டு என்று தெரிந்துகொண்டு ஒருநாள் என் மனைவி சோபியா முன்னால் சொன்னார்: "இந்தப் பலகையில எனக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் பொட்டி செஞ்சி குடுத்துடுங்க மாப்ள. அத தூக்கிகினு நான் பாட்டுக்கு கெளம்பிடறேன்."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வார்னிஷ் காய்ந்தால் மாமனார் கிளம்புவார். கை வைத்துக்கொண்டே இருந்தால் எப்படிக் காயும்?

14 ஜூன்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்தாயிற்று.

17 ஜூன், ஞாயிறு

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிறார். மாதா கோயிலே மூச்சடங்கி முழங்காலில் நிற்கிறது. மாமா பக்கத்து ஆளிடம் முந்திரிக்கொட்டை விலை பேசுகிறார், அதுவும் சந்தையில் பேசுகிற குரலில். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த குவார்ட்டர்ஸ் பன்னீர்செல்வம் பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "வீணை செய்யற மரம் சார் இது! பொட்டியே பாடும் பாருங்க!" தன் வீட்டில் 'டும் டும்' என்று ஜன்னல் கம்பி ஆடும்படி ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அதைச் சங்கீதம் என்று நம்புகிறவர். அவருக்கு விளங்கவைக்க முயன்றேன். வீணைக்குடம் அதிர வேண்டும், அது வாத்தியம். ஸ்பீக்கர் பெட்டி அதிரவே கூடாது. உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் மட்டும்தான் பேசவேண்டும், பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியும் சேர்ந்து பாடினால் கேட்பது பாட்டு இல்லை, இரைச்சல். அதனால்தான் நல்ல பெட்டிக்குக் கனமான பிளைவுட் போடுவார்கள்.

"ஆனா வீணை..." என்றார். விட்டுவிட்டேன்.

மாமாவிடமும் ஜனவரியிலேயே இதைத்தான் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். பிறகு பலாப் பலகையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார். வேறு வழி? பலகையைத் தடிமனாக விட்டு, உள்ளே குறுக்கும் நெடுக்கும் ரீப்பர் கட்டை அடித்து, சுவரெல்லாம் தார் ஷீட் ஒட்டி, அந்த மரத்தின் வாயை அடைத்திருக்கிறேன். டிராயிங் செக்‌ஷனில் உட்கார்ந்து கோடு போடுகிறவன் நான். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

22 ஜூன்

பச்சை மரத்தில் வேலை செய்யக் கூடாது என்று எவனுக்குத் தெரியாது? இரண்டாவது பெட்டியின் மூலை வாய் பிளந்துவிட்டது. பிரித்து, இழைத்து, மறுபடி ஒட்டினேன். பலாவின் மஞ்சள் மரத்தூள் வீடு முழுக்க. சோற்றில் மஞ்சள், தலையணையில் மஞ்சள். போதாக்குறைக்குக் காற்று இந்தப் பக்கம் திரும்பி, தெர்மல் மின்நிலையத்திலிருந்து வந்த சாம்பல் ஈர வார்னிஷில் பொடிப்பொடியாக உட்கார்ந்திருக்கிறது. தடவினால் உப்புத்தாள் மாதிரியே இருக்கிறது.

சாம்பலுக்கு நடுவில் கை. இந்த முறை இடது கையும்.

26 ஜூன், செவ்வாய்

இன்று பிடிபட்டது. வேண்டுமென்றேதான் செய்கிறார். பெட்டி முடிந்தால் போகவேண்டும். அதனால் முடியவிடாமல் செய்கிறார். எவ்வளவு சாமர்த்தியம்! இத்தனை நாள் இது என் மண்டையில் ஏறவில்லை.

சோபியாவிடம் சொன்னேன்.

"எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லீங்க."

"அப்ப எதுக்கு தினம் வந்து கைய வெக்கறாரு? ஈரம்னு தெரியாதா? சின்னக் குழந்தையா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏதோ சொல்ல வந்தாள். தட்டை என் முன்னால் வைத்த சத்தத்தில் பதில் இருந்தது.

27 ஜூன்

பேச்சு வார்த்தை இல்லை. மாமா மட்டும் பேசுகிறார். மூன்று பேருக்கும் சேர்த்து.

28 ஜூன்

ஷெட்டைப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில். வந்து பார்த்துவிட்டுப் பூட்டைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செம்பருத்திச் செடி ஓரம் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். அந்தச் செடியைப் பார்க்கவே குமட்டுகிறது.

1 ஜூலை, ஞாயிறு

முடிந்தது! வார்னிஷ் காய்ந்து, பலா தேன் நிறத்தில் நிற்கிறது. ஸ்பீக்கரைப் பொருத்தி, ஆம்ப்ளிபயரில் கொடுத்து, மாதா பாடல் தட்டு ஒன்றைப் போட்டேன். என்ன சத்தம்! பாடுகிற பெண் எதிரே நின்று மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பெட்டி மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒரு சின்ன அலை இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒன்று அமைந்ததில்லை, அதுவும் ஆகாத மரத்தில்.

மாமாவுக்கு நாற்காலி போட்டேன். பன்னீர்செல்வமும் வந்திருந்தார். மாமா உட்கார்ந்து பெட்டி மேல் கையை வைத்தார். இனி வைக்கட்டும், காய்ந்துவிட்டது. பாட்டு பாதி போயிற்று. கையை எடுத்து அடுத்த பெட்டியில் வைத்தார். பக்கவாட்டில் தடவினார். என்னைப் பார்த்தார்.

"கரண்டு போயிடுச்சிங்களா மாப்ள?"

தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. அந்தப் பெண் உருகி உருகிப் பாடுகிறாள். பன்னீர்செல்வம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

இதைவிட ஒருவனைக் கேவலப்படுத்த முடியுமா? புரிகிறது. பெட்டி சரியில்லை என்று சொல்லிவிட்டால் போகவேண்டியதில்லை. அதற்கு என் உழைப்பை நாலு பேர் முன்னால் கேலி செய்யவேண்டுமா? ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

2 ஜூலை

ஆபீசிலிருந்து வந்தபோது மாமா பின்வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சோபியா கடைக்குப் போயிருந்தாள். இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"எப்ப கெளம்பறீங்க மாமா?"

உரித்துக்கொண்டே இருந்தார். மதிப்பைப் பார். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். தோலை ஊதிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார். எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. மனசில் இத்தனை மாசம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். எழுதவே கூசுகிறது. "உங்கள பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு. போய்த் தொலைங்க."

கை நிற்கவில்லை. முதுகு அசையவில்லை. அவ்வளவு நிதானமாகப் பூண்டு உரித்தார்.

பிறகு தற்செயலாகத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாப்ள! எப்ப வந்தீங்க? இந்தப் பூண்ட பாருங்களேன்..."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். குமட்டியது. அவரைப் பார்த்து அல்ல.

3 ஜூலை

சோபியா அழுதுவிட்டாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

"அம்மா இருக்கறப்பவே அப்பாவுக்கு காது கேக்கறது கொறைய ஆரம்பிச்சிதுங்க. இப்ப சுத்தமா இல்ல. ஜெபமாலை மேல கைய வெக்கச் சொல்லி எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. மாப்ள வூட்ல செவிடன்னு பேரு வாங்க மாட்டேன்னு."

"காது மெஷின் வாங்கலாமே?"

"வாங்கியாச்சி. பையில கெடக்குது. போட்டா ஊருக்கே தெரிஞ்சிடுமாம்."

அப்புறம் சொன்னாள்: "யாராச்சும் கேள்வி கேட்டா மாட்டிக்குவோம்னுதான் அவரே வுடாம பேசிகினு இருப்பாரு."

இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பூமிக்கடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த பம்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலையாக இருந்தது. பம்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று அதன் மேல் கையை வைத்துத்தான் பார்ப்பார்களாம். "காது போனப்புறம் பாட்டும் அப்படித்தாங்க. ரேடியோ மேல கைய வெச்சிகினு ஒக்காந்திருப்பாரு. பலா அதிரும், கைக்கு நல்லா வரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதான் அந்த மரத்த வுட மாட்டேன்னாரு. கொரலு வந்துடிச்சான்னுதான் தெனமும் தொட்டுப் பாத்திருப்பாரு."

வார்னிஷ் அடித்த வெறும் பெட்டியில் குரல் எங்கிருந்து வரும்? ஸ்பீக்கரே வைக்கவில்லையே. மனுஷனுக்கு அதுவும் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருந்தேன், முதுகுக்குப் பின்னால் நின்று.

அவர் கேட்டது அதிர்கிற பெட்டி. நான் அதன் வாயை அடைத்து, தண்ணீர் டம்ளர் வைத்து அழகு பார்த்திருக்கிறேன். த்தூ.

5 ஜூலை

ஒருநாள் லீவு போட்டேன். பின்பலகையைக் கழற்றி உளியால் ரீப்பர்களைப் பெயர்த்தெடுத்தேன். தார் ஷீட்டைச் சுரண்டினேன். விரலெல்லாம் தார், நகக்கண்ணில் தார், மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. மேல்பலகையையும் இழைத்து மெலிதாக்கினேன். தேன் நிற வார்னிஷ் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. பார்த்துப் பார்த்துச் செய்ததை நானே கெடுக்கிறேன்.

மேல்பலகைக்கு மறுபடி வார்னிஷ் அடிக்கவில்லை.

6 ஜூலை, வெள்ளி

அதே தட்டு. அதே பாட்டு. சகிக்கவில்லை. தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போல் ஒரு ரீங்காரம். அடிநாதம் வந்தால் பெட்டி மொத்தமும் உறுமுகிறது. இதைச் செய்தது யார் என்று யாராவது கேட்டால் பன்னீர்செல்வம் என்று சொல்லிவிடுவேன்.

மாமா கையை வைத்தார்.

பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். இன்னொரு கையையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஆறு மாசத்தில் முதல்முறை.

"பொம்பள பாடறா" என்றார். "பின்னாடி மோளம். சரிதானுங்களா?"

தலையை ஆட்டினேன். துண்டில் மூக்கைச் சிந்தி, கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டு, அந்தக் கையை மறுபடி பெட்டி மேல் வைத்தார். வேறு நாளாயிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

இன்னொரு பாட்டு ஆனதும் சொன்னார்: "முடிஞ்சிடுச்சி மாப்ள. ஞாயித்துக்கெழம பூச பாத்துட்டு கெளம்பறேன்."

7 ஜூலை

அவர் துணி மடிக்கிறார். சோபியா உதவி செய்கிறாள். சமையல்கட்டில் அவளைத் தனியாகப் பிடித்து, "இங்கயே இருக்கச் சொல்லி நீதான் சொல்லேன்" என்றேன்.

"பொண்ணு சொன்னா இருக்க மாட்டாருங்க. வூடு உங்களுது."

எனக்கு அந்த வெற்றிலை இன்னும் பிடிக்கவில்லை. துப்புவது, மூக்கைச் சிந்துவது, ஒன்றும் பிடிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், பொய் எதற்கு? ஆனால் அந்த ஊரில், அந்த வீட்டில், பின்னால் வந்து நிற்பது யாரென்று தெரியாமல் இந்த மனிதர் தனியாக எப்படி இருப்பார்?

8 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து பண்ருட்டி பஸ்ஸுக்கு நின்றோம். சாக்கு சுற்றிய பெட்டிகள் என் காலடியில். கோயிலிலிருந்து வந்த கூட்டம் பாதி அங்கேதான் நின்றது. மாமா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு உரம் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"போவாதீங்க மாமா" என்றேன். அவர் ஊர்ப் பேச்சு என் வாயிலும் அப்படியே வந்தது.

உரம் தொடர்ந்தது.

கையைத் தொட்டேன். திரும்பினார். "எங்ககூடவே இருங்க" என்றேன், பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி. தலையை ஆட்டினார். இத்தனை மாசம் நான் சம்மதம் என்று நினைத்த அதே ஆட்டல். அதற்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பஸ் முனையில் திரும்பி வந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் போட்டார்.

கத்தினேன். "மாமா! ஊருக்குப் போவாதீங்க! இங்கயே இருந்துடுங்க!"

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் நிமிர்ந்தார். கன்னியாஸ்திரீகள் இருவர் நின்றுவிட்டார்கள். பன்னீர்செல்வம் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்கிறார். கண்டக்டர், "ஏர்றீங்களா இல்லியா?" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாமா என் வாயையே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

"எதுக்கு மாப்ள இப்பிடி கத்தறீங்க? நான் என்னா செவிடா?"

சொல்லிவிட்டு, பையோடு எங்கள் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பலாப் பெட்டி என்ன கனம்! இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.